11 இன்னிங்ஸ், 302 ரன்... சாய் சுதர்சன் டெஸ்ட்டில் தேறுவாரா?

நவம்பர் 26, 2025. குவாஹாட்டி டெஸ்ட்டின் கடைசி நாள். அந்த ஊரில் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் ஆட்டம் காலை 9 மணிக்கே தொடங்கியது. முதலில் டீ, அப்புறம்தான் லஞ்ச் என்று டெஸ்ட் கிரிக்கெட்டின் சாப்பாட்டு வரிசையையே மாற்றிவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஜெனரல் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இது ஒருவகையில் வசதி. காலை டீக்கு வெளியே வந்து போனை எடுத்தால் அங்கேயும் டீ நேரம்.

அன்று வாட்ஸ்அப் குரூப்களில் அதிகம் சுற்றியது ஒரே ஒரு வரி. சாய் சுதர்சன்: 14 ரன், 139 பந்து.

"மச்சான், இதை ஐபிஎல்ல ரெண்டு ஓவர்ல அடிச்சிருவான்டா நம்மாளு" என்பது ஒரு ரகம். "நம்ம லைன்ல இப்படி நின்னா சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?" என்பது இன்னொரு ரகம். 549 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. தென்னாப்பிரிக்காவிடம் சொந்த மண்ணில் 0-2. தோற்ற டீமில் யாரையாவது கலாய்க்க வேண்டும் இல்லையா, 139 பந்துக்கு 14 அடித்தவர் வசமாக மாட்டினார்.

கலாய்ப்பு ஓய்ந்ததும் மிஞ்சும் கேள்வி சீரியஸானது. 6 டெஸ்ட், 11 இன்னிங்ஸ், 302 ரன், சராசரி 27.45. சதம் இல்லை. 24 வயது. ஐபிஎல்லில் எல்லோரையும் அலறவிட்ட இந்தச் சென்னைப் பையன் டெஸ்ட்டில் தேறுவாரா, மாட்டாரா?

முடியும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதில் பாதி அவர் கையில், பாதி அவர் கையில் இல்லை. இரண்டாவது பாதியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அவர் யார் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அப்பா தடகள வீரர், அம்மா வாலிபால் வீராங்கனை. விளையாட்டு வீட்டிலேயே இருந்தது. 2021 டிஎன்பிஎல்லில் கோவை கிங்ஸ் அணிக்காக 8 ஆட்டங்களில் 358 ரன். 20 லட்ச ரூபாய்க்கு குஜராத் டைட்டன்ஸ் எடுத்தது. 2023 ஐபிஎல் ஃபைனலில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. அன்று தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு யாருக்குக் கை தட்டுவது என்றே தெரியவில்லை. 2025 சீசனில் 759 ரன்னோடு ஆரஞ்சு கேப். அதுவரை அதை வென்றவர்களிலேயே வயதில் இளையவர். நடுவில் சர்ரே அணிக்காக கவுன்ட்டி கிரிக்கெட், டெல்லிக்கு எதிராக ரஞ்சியில் 213.

அடுத்த ஸ்டாப், டெஸ்ட் கேப்.

லீட்ஸ் முதல் குவாஹாட்டி வரை

2025 ஜூன் 20, லீட்ஸ். லஞ்சுக்குச் சற்று முன் 3ஆம் இடத்தில் இறங்கினார். நாலு பந்து. லெக் சைடில் போன பந்தைத் தொட்டு, ஸ்டோக்ஸ் பந்தில் கீப்பரிடம் கேட்ச். டக். அதே இன்னிங்ஸில் ஜெய்ஸ்வால், கில், பந்த் மூவரும் சதம் அடித்தார்கள். கல்யாண வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் இலை போடாத மாதிரி. இரண்டாவது இன்னிங்ஸில் 30. இந்த முறையும் ஸ்டோக்ஸ்தான். கால் பக்கம் வந்த பந்தை ஃபிளிக் செய்து மிட்விக்கெட்டில் நின்றவரிடம் கொடுத்தார்.

அடுத்த இரண்டு டெஸ்ட்டுக்கு பெஞ்ச். இங்கே ஒரு விஷயம். லீட்ஸில் கருண் நாயர் அடித்தது 0, 20. சாய் அடித்தது 0, 30. நீக்கப்பட்டது சாய். 3ஆம் இடத்துக்குப் போனது கருண்.

மான்செஸ்டரில் திரும்பினார். 151 பந்தில் 61, பொறுமையான இன்னிங்ஸ். இரண்டாவது இன்னிங்ஸில் முதல் பந்திலேயே ஸ்லிப்பில் கேட்ச். ஓவலில் 38, 11. இங்கிலாந்துத் தொடர் மொத்தம் 140 ரன். ஊருக்குத் திரும்பி ஆஸ்திரேலியா ஏ அணிக்கு எதிராக லக்னோவில் 73, 75, 100 என்று வெளுத்தார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அகமதாபாத்தில் 7, டெல்லியில் 87, 39. அப்பாடா, செட்டாகிவிட்டார் என்று நினைக்கும்போது கொல்கத்தாவில் மறுபடி பெஞ்ச். வாஷிங்டன் சுந்தர் 3ஆம் இடத்தில் இறங்கினார். குவாஹாட்டியில் கில்லுக்குக் கழுத்து வலி என்பதால் சாய் உள்ளே வந்தார். 15, 14.

அதாவது ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை வெளியே, இரண்டு முறை உள்ளே. கடைசியாக உள்ளே வந்ததும் திட்டத்தால் அல்ல, இன்னொருவரின் கழுத்து வலியால்.

கோளாறு எங்கே?

அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்வது ரசிகர் மன்றப் பேச்சு. கோளாறு இருக்கிறது. அவர் அவுட்டான 11 முறையையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். இங்கிலாந்தில் ஆறு முறையும் வேகப்பந்து: ஸ்டோக்ஸ் மூன்று முறை, வோக்ஸ், டங், அட்கின்சன் தலா ஒரு முறை. இந்தியாவில் ஐந்து முறையும் சுழற்பந்து: சேஸ் இரண்டு முறை, வாரிக்கன், ஹார்மர், முத்துசாமி.

ஒரே ஒரு ஓட்டை என்றால் அடைத்துவிடலாம். இது அப்படி இல்லை.

வேகப்பந்தில் நடப்பது இதுதான். பந்து வருவதற்கு முன் அவர் உடல் ஆஃப் ஸ்டம்ப் பக்கம் நகர்கிறது, தலையும் கூடவே சாய்கிறது. அப்போது லெக் ஸ்டம்ப்பை நோக்கி வரும் பந்து, அவர் கண்ணுக்கு நேராக இல்லாமல் காலைச் சுற்றிப் போகிறது. டி20யில் இது லட்டு மாதிரி. ஃபைன் லெக்கில் ஆள் உள்ளே நிற்பார், லேசாகத் தட்டினாலே நாலு. டெஸ்ட்டில் அதே பந்துக்கு ஒரு கேப்டன் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்து ஃபீல்டரை நிறுத்துவார். ஸ்டோக்ஸ் லீட்ஸில் செய்தது அதைத்தான். ஐபிஎல்லில் சம்பாதித்துக் கொடுத்த ஷாட்டே டெஸ்ட்டில் செலவு வைக்கிறது.

சுழற்பந்தில்தான் ஆச்சரியம். சேப்பாக்கத்திலும் டிஎன்சிஏ லீக்கிலும் ஸ்பின் சாப்பிட்டு வளர்ந்த பையன் சொந்த மண்ணில் ஐந்து முறையும் ஸ்பின்னருக்கு விழுந்திருக்கிறார். இரண்டு எல்பிடபிள்யூ, இரண்டு ஸ்லிப் கேட்ச், மிட்விக்கெட்டில் ஒன்று. டெல்லியில் 87 அடித்தபோது சதம் கண்ணுக்குத் தெரிந்தது. வாரிக்கன் பந்தில் பின்காலில் போய் மாட்டிக்கொண்டார். (குவாஹாட்டியில் அவரது கடைசி விக்கெட்டை எடுத்த செனுரன் முத்துசாமியின் குடும்ப வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்த டெஸ்ட்டில் முத்துசாமி சதமும் அடித்தார். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அன்று இரட்டைச் சோதனை.)

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. டெஸ்ட் அணிக்குத் தேர்வானபோது முதல்தர கிரிக்கெட்டில் அவரது சராசரி 40க்குச் சற்றுக் கீழே. தமிழ்நாட்டின் எஸ்.பத்ரிநாத் முதல்தர கிரிக்கெட்டில் 10,245 ரன்னை 54க்கு மேல் சராசரியோடு அடித்தவர். அவருக்குக் கிடைத்தது இரண்டே டெஸ்ட். பத்ரி காலத்துக் கணக்கில் பார்த்தால் சாய்க்கு டெஸ்ட் கேப் சீக்கிரமாகவே வந்துவிட்டது. ஐபிஎல் ஃபார்ம்தான் கதவைத் திறந்தது என்று சொல்பவர்களிடம் சண்டைக்குப் போக முடியாது.

சரி, அப்போ 139 பந்தில் 14? அது கோளாறில் சேராது. தோல்வி உறுதியான மேட்ச். டிரா ஒன்றுதான் தப்பிக்கும் வழி. முந்தைய நாள் மாலையே இறங்கி, சுற்றி நாலு பேர் நிற்க, ஸ்பின் திரும்பும் பிட்ச்சில், 2025 ஐபிஎல்லில் 156 ஸ்ட்ரைக் ரேட் வைத்திருந்த ஒருவர் ரன்னே வேண்டாம் என்று முடிவு செய்து நின்றார். அந்த இன்னிங்ஸில் இந்தியா மொத்தமே 140தான். மற்றவர்களும் அவரைப் போல 139 பந்து நின்றிருந்தால் மேட்ச் டிரா ஆகியிருக்கும். அவருடைய 11 இன்னிங்ஸில் மீமுக்கு ஆளானது அது. ஆனால் டெஸ்ட்டுக்குத் தேவையான குணம் அவரிடம் இருக்கிறது என்பதற்கு வலுவான சாட்சியும் அதுவே.

அதே ஜூன் 20

இனிமேல்தான் கதை சுவாரஸ்யம்.

2011 ஜூன் 20. ஜமைக்காவின் கிங்ஸ்டன். சாய் அறிமுகமானதற்குச் சரியாக 14 வருடத்துக்கு முன். அன்று இந்திய அணியில் இரண்டு இளம் பேட்டர்கள் டெஸ்ட்டில் அறிமுகமானார்கள். ஒருவர் டெல்லி, விராட் கோலி. இன்னொருவர் சென்னை, அபினவ் முகுந்த். சாய்க்கு முன் தமிழ்நாட்டில் இருந்து ஸ்பெஷலிஸ்ட் பேட்டராக டெஸ்ட்டில் அறிமுகமான கடைசி ஆள் முகுந்த்தான். அதற்குப் பிறகு 14 வருட வறட்சி.

அந்தத் தொடரில் கோலி அடித்தது 4, 15, 0, 27, 30. மொத்தம் 76 ரன். முகுந்த் அடித்தது 11, 25, 1, 48, 62, 0. மொத்தம் 147 ரன். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அன்று யாராவது ஒரு ஸ்கோர்கார்டை நீட்டி, "இந்த ரெண்டு பேர்ல யாருப்பா 100 டெஸ்ட் ஆடுவான்?" என்று கேட்டிருந்தால் எண்ணை மட்டும் பார்த்தவர் முகுந்த் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

முகுந்த் அடுத்த மாதமே இங்கிலாந்து போனார். லார்ட்ஸில் 49, 12. நாட்டிங்ஹாமில் 0, 3. வெளியே. அடுத்த டெஸ்ட் வாய்ப்பு 2017இல், ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து. அதே ஆண்டு காலியில் இரண்டாவது இன்னிங்ஸில் 81 அடித்தார். அடுத்த மேட்ச்சில் கே.எல்.ராகுல் திரும்பிவிட்டார். முகுந்த்தின் டெஸ்ட் கணக்கு 7 டெஸ்ட், 320 ரன் என்று அங்கேயே நின்றுவிட்டது. முதல்தர கிரிக்கெட்டில் 10,000 ரன்னுக்கு மேல் அடித்த ஒருவருக்கு நேர்ந்த கதி இது. 81 அடித்துவிட்டு அடுத்த மேட்ச்சில் வெளியே உட்காருவது எப்படி இருக்கும் என்று அப்ரைசலில் நல்ல ரேட்டிங் வாங்கியும் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாதவர்களுக்குப் புரியும்.

கோலிக்கு என்ன ஆனது? மும்பையில் 52, 63. பிறகு ஆஸ்திரேலியப் பயணம். மெல்போர்னில் 11, 0. சிட்னியில் 23, 9. இப்போது கூட்டிப் பாருங்கள். 6 டெஸ்ட், 11 இன்னிங்ஸ், 234 ரன். சராசரி 21.27. சதம் இல்லை.

குவாஹாட்டி முடிந்தபோது சாய் சுதர்சன் நின்ற அதே இடம்: 6 டெஸ்ட், 11 இன்னிங்ஸ். சாய் கோலியைவிட 68 ரன் அதிகம்.

சிட்னிக்குப் பிறகு கோலியை நீக்கிவிட்டு ரோஹித்தை ஆடவைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. கேப்டன் தோனியும் தானும்தான் கோலியைத் தக்கவைத்தோம் என்று சேவாக் பின்னாளில் சொன்னார். பெர்த்தில் 44, 75. அடிலெய்டில் 116. அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

உடனே "பாத்தியா, கோலியே அப்படித்தான் ஆரம்பிச்சாரு, சாயும் கோலி ஆயிடுவாரு" என்று ஸ்டேட்டஸ் போட வேண்டாம். 11 இன்னிங்ஸில் சொதப்பிய எல்லோரும் கோலி ஆகவில்லை. பெரும்பாலானவர்கள் காணாமல் போனார்கள், அவர்கள் கதையை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. தவிர கோலிக்கு அப்போதே ஒருநாள் கிரிக்கெட்டில் பெரிய பெயர் இருந்தது. அவரைத் தக்கவைக்க ஒரு காரணம் கையில் இருந்தது. சாய்க்கு ஒருநாள் போட்டியில் இருப்பது 2023இன் மூன்று ஆட்டங்கள்தான்.

இந்தக் கணக்கு சொல்வது வேறு. 11 இன்னிங்ஸ் எண்ணை வைத்துக் கோலியையும் முகுந்த்தையும் பிரித்துக் காட்ட முடியாது. அவ்வளவு சின்ன சாம்பிள் அது. 27.45 என்ற சராசரியைக் காட்டி "முடிஞ்சுது" என்பவரும், அதே எண்ணைக் காட்டி "வருவான் பாரு" என்பவரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். பிரித்துக் காட்டியது அதற்கு அடுத்து நடந்தது: ஒருவர் அதே இடத்தில் இன்னும் ஆடினார், இன்னொருவர் ஆடவில்லை.

3ஆம் இடம் என்ற மியூசிக்கல் சேர்

ராகுல் திராவிட், அவருக்குப் பின் புஜாரா. ஏறக்குறைய கால் நூற்றாண்டு இந்தியாவின் 3ஆம் இடத்துக்கு இரண்டே பெயர்தான். 2023 ஜூனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்குப் பிறகு புஜாரா நீக்கப்பட்டார். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்: கில், கோலி, படிக்கல், ராகுல், கருண் நாயர், சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர். இரண்டரை வருடத்தில் ஏழு பேர்.

வாஷிங்டன் கதையைப் பாருங்கள். கொல்கத்தாவில் 3ஆம் இடம். 29, 31 என்று நன்றாகவே ஆடினார், 93க்குச் சுருண்ட இரண்டாவது இன்னிங்ஸில் அவர்தான் டாப் ஸ்கோரர். அடுத்த வாரம் குவாஹாட்டியில் 8ஆம் இடம். அங்கே 48. தமிழ்நாட்டின் இரண்டு பையன்களையும் ஒரே சீட்டுக்கு மாற்றி மாற்றி உட்கார வைத்து, கடைசியில் இருவருக்குமே எது தங்கள் இடம் என்று தெரியாமல் செய்தாகிவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் டிப்ளமோ முடித்து டிரெய்னியாகச் சேரும் பையனுக்கு இது நன்றாகப் புரியும். முதல் மாதம் ஒரு மெஷின், அடுத்த மாதம் ஸ்டோர், அப்புறம் குவாலிட்டி, நடுவில் "ஆள் வேணாம், கூப்பிடும்போது வா". டிரெய்னிங் பீரியட் முடியும்போது ஹெச்ஆர் உட்கார வைத்து "தம்பி, எந்த மெஷின்லயும் உனக்குக் கை வரலையே" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? எந்த மெஷினிலாவது கை வரும் அளவுக்கு நிற்க விட்டார்களா என்பதுதான் நியாயமான பதில். அதை யாரும் ஹெச்ஆரிடம் சொல்வதில்லை.

தேர்வுக்குழு தரப்பிலும் நியாயம் உண்டு. படிக்கல் போல வெளியே வரிசை நிற்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் ஒரு இளைஞருக்காக எத்தனை மேட்ச் காத்திருப்பது? கோச் நாற்காலியும் ஆடுகிறது. இது தமிழ்நாட்டுப் பையன் என்பதற்காக மட்டும் யாரும் சீட்டு தர வேண்டாம். ஆனால் ஒரு பேட்டரை 11 இன்னிங்ஸ் பார்த்தோம் என்று சொல்வதற்கும் 11 இன்னிங்ஸைத் துண்டு துண்டாகப் பார்த்தோம் என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே, டெல்லிக்கும் குவாஹாட்டிக்கும் நடுவே, அவர் ஒவ்வொரு முறையும் ஜீரோவில் இருந்து ஆரம்பித்தார். அடுத்த மேட்ச் உண்டா என்று தெரியாமல் ஆடும் பேட்டர் முதல் 20 பந்தை எப்படி ஆடுவார்?

கீழே அனுப்புவது தண்டனையா?

அமெரிக்க பேஸ்பாலில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே மைனர் லீக் அணிகள் இருக்கும். மேலே வந்த இளைஞர் தடுமாறினால் இரண்டே வழி: மேலேயே வைத்து ஆடவைப்பார்கள், அல்லது கீழே அனுப்பி தினமும் ஆடவைப்பார்கள். இரண்டிலும் அவர் ஆடிக்கொண்டிருப்பார்.

1951இல் நியூயார்க்கில் ஒரே சமயத்தில் இரண்டும் நடந்தது. ஜெயன்ட்ஸ் அணிக்கு வந்த 20 வயது வில்லி மேஸ் முதல் 12 முயற்சியிலும் பந்தைச் சரியாக அடிக்கவே இல்லை. அடுத்ததில் ஒரு ஹோம் ரன், அப்புறம் மறுபடி வறட்சி. அழுதுகொண்டே என்னைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றாராம். நான் மேனேஜராக இருக்கும் வரை சென்டர் ஃபீல்டில் நீதான் என்றார் மேனேஜர் லியோ டுரோச்சர். அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் விருது மேஸுக்குத்தான். பின்னாளில் 660 ஹோம் ரன். அதே வருடம், அதே ஊர், யாங்கீஸ் அணி. 19 வயது மிக்கி மேன்டில் தடுமாறினார். ஜூலையில் அவரை கான்சாஸ் சிட்டி மைனர் லீக் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே தினமும் ஆடி, அடித்து, ஆகஸ்ட்டில் திரும்பினார். அவர் கணக்கு 536 ஹோம் ரன்.

ஒருவரை வைத்திருந்தார்கள், ஒருவரை அனுப்பினார்கள். இரண்டும் வேலை செய்தது. டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டில் தூக்க விடுவது அந்த இரண்டிலுமே சேராது.

கொல்கத்தா டெஸ்ட் நவம்பர் 14இல் தொடங்கியது. அதே வாரம் ரஞ்சி டிராபியின் முதல் கட்டம் நடந்துகொண்டிருந்தது. பிளேயிங் லெவனில் இடமில்லை என்றால் அவரை அங்கே அனுப்பியிருக்கலாம். கோயம்புத்தூரோ பெங்களூரோ, எங்கோ ஒரு மைதானத்தில் இரண்டு இன்னிங்ஸ் ஸ்பின் ஆடியிருப்பார். டெஸ்ட் அணியில் இருந்து ரஞ்சிக்கு அனுப்பினால் டிமோஷன் என்று டிவியில் ஸ்க்ரோல் ஓடும் என்ற பயமோ என்னவோ.

கீழே போய்த் திரும்பி வந்தவர் நம் ஊரிலேயே உண்டு. முரளி விஜய். 2008இல் நாக்பூரில் அறிமுகம், 2010இல் பெங்களூரில் முதல் சதம். 2011 மேற்கிந்தியத் தீவுகள் தொடரில், முகுந்த்தோடு சேர்ந்து ஓப்பனிங் இறங்கியவர் அவர்தான், அங்கே சோபிக்கவில்லை. வெளியே போனார். 2013இல் திரும்பி ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹைதராபாத்தில் 167, மொஹாலியில் 153. அடுத்த வருடம் இங்கிலாந்தில், ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் போல ஆடி, டிரென்ட் பிரிட்ஜில் 146. மொத்தம் 61 டெஸ்ட், 12 சதம். ஐபிஎல்லில் சிக்ஸர் விளாசியவர்தான் டெஸ்ட்டில் பந்தை விடுவதில் பேர் வாங்கினார். திரும்பி வந்தபோது ஓப்பனிங் இடம் அவருக்கென்று இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது ஒரு தனி மனிதரின் கரியர் மட்டுமா? இல்லை. 2018 டிசம்பரில் பெர்த்தில் விஜய் ஆடிய கடைசி டெஸ்ட்டுக்குப் பிறகு சாய் வரும் வரை, தமிழ்நாட்டில் இருந்து ஒரு முழுநேர பேட்டர் டெஸ்ட் ஆடவில்லை. அஸ்வின், நடராஜன், வாஷிங்டன் என்று பந்து வீசுகிறவர்கள் போனார்கள். பேட்டர்கள் போகவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் செருப்பில்லாமல் டென்னிஸ் பாலில் விளையாடும் பையனுக்கு, கிட்பேக்கைத் தூக்கிக்கொண்டு புறநகர் ரயிலில் நெட்ஸுக்குப் போகும் பையனுக்கு, பேட்டிங்கில் மேலே போக முடியும் என்பதற்கு இன்று இருக்கும் ஒரே நேரடி உதாரணம் இவர்தான். (2016இல் டிஎன்பிஎல் தொடங்கியபோது விபி திருவள்ளூர் வீரன்ஸ் என்று இந்த மாவட்டப் பெயரில் ஒரு டீமே இருந்தது. பிறகு அது காஞ்சி வீரன்ஸ் ஆகிவிட்டது. அது தனிச் சோகம்.)

இனி என்ன?

அவர் செய்ய வேண்டியது தெளிவு. தலை ஆஃப் பக்கம் சாய்வதைக் குறைக்க வேண்டும். ஸ்பின்னுக்கு எதிராக எப்போது முன்காலில் வருவது, எப்போது பின்காலில் போவது என்ற முடிவை ஒரு கணம் முன்னதாக எடுக்க வேண்டும். இதெல்லாம் நெட்ஸில் பாதிதான் சரியாகும். மீதி, நாலு பேர் சுற்றி நின்று கத்தும்போது நாலு நாள் மேட்ச்சில்தான் சரியாகும். தேர்வுக்குழு செய்ய வேண்டியதும் தெளிவு. 3ஆம் இடம் இவருக்கு என்றால் ஒரு முழுத் தொடர், நடுவில் கை வைக்காமல். இவருக்கு இல்லை என்றால் இப்போதே சொல்லிவிட்டு ரஞ்சிக்கு அனுப்புவது.

குவாஹாட்டி முடிந்தபோது சிக்கல் காலண்டரில் இருந்தது. டிசம்பரில் சையது முஷ்டாக் அலி, விஜய் ஹசாரே; இரண்டும் வெள்ளைப் பந்து. ரஞ்சியின் இரண்டாம் கட்டம் 2026 ஜனவரி 22இல் தொடங்குவதாக இருந்தது. அதில் லீக் ஆட்டங்கள் இரண்டே இரண்டு. தமிழ்நாடு நாக்அவுட்டுக்குப் போகாவிட்டால் அவ்வளவுதான். அதற்கப்புறம் ஐபிஎல், இரண்டு மாதம், லெக் ஸ்டம்ப்பில் வரும் பந்தைத் தட்டினால் நாலு ரன் கிடைக்கும் அந்த ஆட்டம். கவுன்ட்டி சீசனின் முதல் பாதியும் அதே மாதங்களில்தான். டெஸ்ட் பேட்டிங்கில் தடுமாறும் ஒருவர் அடுத்த டெஸ்ட்டுக்கு முன் சிவப்புப் பந்தில் ஆடுவதற்கு உறுதியாகக் கையில் இருந்தது இரண்டு மேட்ச், நாலு இன்னிங்ஸ்.